மதிக்குப் படைத்த சிவப்பு ஒயின்

மதி, இதை நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும்டா. இருந்தாலும் உன் பெயரைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். உன் பெயரைச் சொல்லாமல் எனக்கு இப்போது எதுவும் ஆரம்பிக்க வரவில்லை.

இது நடந்தது போன மாசி மாதம். திருப்பனந்தாளிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், மண்ணியாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிகிற நேரம். எந்தப் பக்கம் போனாலும் அறுப்பு மிஷின் சத்தம். ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டு காய்ந்தது. என் தம்பி மதியழகனின் கருமாதிக்கு முதல் நாள், காரைக்காலிலிருந்து ஒருவர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் இருந்த பைக்குள் ஒரு பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிய பிறகும் கேட்டுக் குடித்தார். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால், கருமாதிக்கு முதல் நாள் அவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் வாங்கி, சமைத்து, இலை போட்டுப் படைப்பார்கள். பீடி பிடிக்குமென்றால் பீடி. பரோட்டா பிடிக்குமென்றால் பரோட்டா. அப்பாவுக்குப் படைக்கும்போது, அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, ஒரு குவார்ட்டர் பாட்டிலை வாங்கிக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். எழுந்து வந்து எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போய் வாய்க்காலில் கவிழ்த்தாள்.

"இதுதான்டா அந்த மனுஷனைக் கொன்னுச்சு. செத்தும் இதையேதான் குடிக்கணுமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நானும் மதியும் வாய்க்கால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவோடு நடவுக்கும் களை எடுக்கவும் போனேன். மதி என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் காரைக்காலில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான், பாட்டிலோடு வந்தார் என்றேனே, அந்தக் காரைக்கால் அண்ணனோடு பழக்கமானான். அவருக்குப் பிரான்ஸ் குடியுரிமை உண்டு. காரைக்காலில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரான்சின் தெற்குப் பக்கத்தில் ஒயின் செய்கிற ஒரு இடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். அவர்தான் திராட்சை பறிக்கிற வேலைக்கு என்று மதியை அழைத்துப் போனார். பறிக்கப் போனவன், அங்கேயே குடோனில் டேங்க் கழுவவும் ஹோஸ் பிடிக்கவும் நின்றுவிட்டான்.

அம்மாவிடம் அவன் சொன்னது, "திராட்சைத் தோட்டத்துல வேலைம்மா." அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள், "எம்புள்ள பழத்தோட்டத்துல இருக்கான்." பொய் என்று சொல்ல முடியாது. பழத்துக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. எனக்குச் சொன்னான். எனக்கு எல்லாமே சொல்வான்.

எனக்கு உச்சி வெயில் நேரமென்றால் அவனுக்குக் காலை. வேலைக்குப் போனதும் வெறும் வயிற்றோடு எனக்குப் போன் பண்ணுவான். நான் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிற நேரமாக இருக்கும்.

ஒரு நாள் கேட்டான். "என்னக்கா பண்ற?"

"கலவன் எடுக்குறோம்டா."

கலவன் என்றால், விதைக்கு விடுகிற வயலில் வேறு ரகத்துப் பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து நிற்கும். ஒன்று வளர்த்தியாக இருக்கும், ஒன்று முன்னாலேயே கதிர் தள்ளியிருக்கும். அதைத் தேடித் தேடி வேரோடு பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் விதை முழுக்கக் கெட்டுப்போகும். கண் நல்லா இருக்கிற பெண்களைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள்.

அவன் சிரித்தான். "அங்க நீ கலந்து கெடக்கறதைப் பிடுங்கிப் போடுற. இங்க எங்க முதலாளி, கலக்குறதுக்குன்னே வருஷம் பூரா காத்துக் கெடக்காரு."

"எதை எதோட கலக்குறாரு?"

"மூணு பழம்க்கா. மூணையும் தனித்தனியாப் பறிச்சு, தனித்தனி டேங்க்ல போட்டு, தனித்தனியா ஒயின் ஆக்கி வச்சிருவோம். பனிக்காலத்துலதான் கலக்குறது. அன்னிக்குக் காலையில யாரும் சாப்பிட மாட்டோம். மேசையில கிளாஸை அடுக்கி வச்சு, இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு ஊத்தி, ஆளாளுக்கு வாயில வச்சுப் பார்ப்போம். டேங்க் கழுவுற எனக்கும் ஒரு கிளாஸ் உண்டு. முதலாளி எல்லாரையும் கேப்பாரு."

"ஏன்டா, நல்ல பழமா ஒண்ணைப் பார்த்துப் போட வேண்டியதுதானே? எதுக்குக் கலக்கணும்?"

"ஒண்ணு மட்டும் போதாதுக்கா. கிரெனாஷ்னு ஒண்ணு இருக்கு. அது நீ. வாயில வச்ச உடனே சிரிக்கும். இனிப்புப் பழம் மாதிரி வாசனை, வெயிலடிச்ச மாதிரி ஒரு கதகதப்பு. ஆனா தனியா விட்டா சீக்கிரம் வாடிரும்."

"நான் எங்கடா வாடுனேன்?"

"அப்பா செத்தப்ப சோறு தண்ணி இல்லாமக் கெடந்தது யாரு? அடுத்தது சிரா. அது நான். கன்னங்கரேல்னு இருக்கும். மொளகு வாசனை அடிக்கும். கொஞ்சம் திமிரு புடிச்சது. கலருன்னு ஒண்ணு வர்றதே அதாலதான்."

"ஆமாமா, பெரிய கலரு."

"மூணாவது மூர்வேத். அதுதான் கடைசியாப் பழுக்கும். மத்ததெல்லாம் பறிச்சு முடிச்சப்புறமும் அது பாட்டுக்குக் கொடியில நிக்கும். தனியா வாயில வச்சா நாக்கை இழுத்துப் பிடிக்கும், மாட்டுக்கொட்டாய் வாசனைகூட வரும். பக்கத்துல போக முடியாது. ஆனா அதைக் கொஞ்சம் சேர்த்தாத்தான் மத்த ரெண்டும் வருஷக்கணக்கா நிக்கும். அது யாருன்னு நீயே சொல்லு."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சோறு புரையேறச் சிரித்தேன். அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். அடுத்த வரப்பில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி இளிப்பு? தம்பியா? சாப்பிட்டானான்னு கேளு."

"இனிமேதான் சாப்பிடுவானாம்மா."

"இந்நேரம் வரைக்கும் வயித்தைக் காயப்போட்டா என்னத்துக்கு ஆவான்? நான் திட்டுனேன்னு சொல்லு."

சொன்னேன். "பாத்தியா, நாக்கை இழுக்குது," என்றான் மதி.

நான் அம்மாவுக்குக் கேட்காத தூரம் நடந்து போய் மெதுவாகக் கேட்டேன். "நீ குடிக்கிறியாடா?"

 அவனும் குரலைத் தாழ்த்தினான். "வேலையில வாயில வச்சுச் சுத்திட்டுத் துப்பிரணும்க்கா. பக்கத்துல வாளி இருக்கும். குடிச்சுட்டா அடுத்த கிளாஸோட ருசி தெரியாது."

"இம்புட்டுப் பாடுபட்டுத் துப்புறதுக்கா?"

"துப்பினாலும் ருசி போகாதுக்கா. சாயந்தரம் வரைக்கும் அடிநாக்குல நிக்கும். மொதல்ல ஒண்ணு வரும், அது போயி இன்னொண்ணு வரும். உனக்குச் சொன்னாப் புரியாது. வர்றப்ப ஒரு பாட்டில் எடுத்துட்டு வர்றேன். அம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லி, அது வாயில ஒரு சொட்டாவது வைக்கிறேன் பாரு."

"தொடப்பக்கட்டை பிஞ்சுரும்."

"பிய்யட்டும். அதுக்கப்புறம் வைக்கிறேன்."

அந்தத் தை மாதக் கடைசியில் அவன் போய்விட்டான். பனி மூடின காலையில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பின்னால் வந்த வண்டி அவனைப் பார்க்கவில்லை. காரைக்கால் அண்ணன்தான் போன் பண்ணினார். என்ன சொன்னார் என்று இப்போது நினைத்தாலும் வார்த்தை ஞாபகம் வரவில்லை. அவர் அழுத சத்தம்தான் காதில் இருக்கிறது. மாமா சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். எல்லாம் முடிந்தது.

அம்மா அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கூட்டத்தில் இருந்த பெண்கள், "அவளை அழ வைங்கடி, நெஞ்சு அடைச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கட்டிப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். அம்மா மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குக் காரணம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று காலையிலேயே, அடிபைப்பு பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரான்சில் இருக்கிற யாரோ பக்கத்து ஊர்ப் பையன் சொல்லித் தெரிந்ததாம்.

"பழத்தோட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி கம்பெனியாம்ல. பெறகு சைக்கிள் எப்படி நேரா போகும்? அப்பன் மாதிரியேதான் புள்ளையும்."

அம்மா குடத்தோடு பின்னால் நின்று அதைக் கேட்டிருக்கிறாள்.

அடுப்படியில் வைத்து என்னிடம் கேட்டாள். "உனக்குத் தெரியுமாடி?"

"என்ன வேலைன்னு தெரியும்மா. உங்கிட்ட அவனே சொல்லணும்னு இருந்தான்."

"குடிச்சிருந்தானா?"

"இல்லம்மா. அவன் குடிக்க மாட்டான்."

"நீ பார்த்தியா?"

 அவன் இருந்தது கடல் தாண்டி. நான் கேட்டதெல்லாம் போனில்தான். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் பெயரையே எடுக்கவில்லை. அப்பாவுக்கு ஆன மாதிரியே பிள்ளைக்கும் ஆகிவிட்டது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. ராத்திரி பகல் பாடுபட்டு வளர்த்தது அதற்குத்தானா என்று உள்ளேயே புழுங்கினாள். அவளை அப்படிப் பார்க்க, மதி போனதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

கருமாதிக்கு முதல் நாள் காலையில் படையலுக்குச் சாமான் வாங்க மாமா பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "அக்கா, மதிக்கு என்னென்ன புடிக்கும்? சொல்லு, வாங்கியாரேன்."

அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அவனுக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியலையேடி. சின்னப்புள்ளையில கருவாட்டுக் கொழம்பு தின்னான். வளந்தப்புறம் என்ன தின்னான், என்ன குடிச்சான், எனக்கு ஒண்ணும் தெரியலையே."

பெற்ற பிள்ளைக்கு என்ன படைப்பது என்று தெரியாமல் ஒரு அம்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் காரைக்கால் அண்ணன் வந்தார். உடனே லீவு கிடைக்காததால் அவர் முன்னாலேயே வர முடியவில்லை. மதியின் துணிமணி, போன், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஒரு பையில். இன்னொரு துணிப்பையில் மதியின் நீலநிற வேலைச் சட்டையைச் சுற்றி ஒரு பாட்டில். வாசலில் நின்று கை காலைக் கழுவிக்கொண்டே, காரைக்கால் எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் துழாவினார்கள் என்று சொன்னார்.

"போலீஸ்காரர் கையில எடுத்துட்டாரு. செத்தவனுக்குப் படையல் சார்னேன். சட்டையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. திரும்பச் சுத்தி அவரே பையில வச்சாரு."

பாட்டிலைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறிவிட்டது. அப்பாவுக்குப் படைத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். "யோவ், அதை உள்ள வைய்யா முதல்ல. எங்கக்கா பார்த்துச்சுன்னா..." என்று கிசுகிசுத்தார். ஆனால் அம்மா ஏற்கெனவே நிலைப்படியில் வந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்க தம்பி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"எம்புள்ள குடிச்சானா?"

 'இல்லை என்று சொல்லிவிடுங்க அண்ணே' என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். ஒரே வார்த்தை. அம்மாவுக்கு உயிர் வந்துவிடும்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அப்ப சோத்தோட ஒரு கிளாஸ் குடிப்பான். அதையும் நாங்க ரெண்டு கிளாஸ் முடிக்கிற வரைக்கும் வச்சிருப்பான். மோந்து மோந்து பார்ப்பான். யாராவது ரெண்டாவது ஊத்த வந்தா, கிளாஸு மேல இப்படிக் கையை வச்சு மூடிக்குவான்." உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். "நாங்க கிண்டல் பண்ணுவோம். 'அம்மா பார்த்துட்டு இருக்கு'ன்னு சொல்வான்."

அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் காலையில?"

"கலக்குற நாள்க்கா அது. டீகூடக் குடிக்காமத்தான் கெளம்புனான். அங்க டாக்டர் எழுதிக் குடுத்ததுலயும் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னுதான் இருக்கு. என் புள்ளைங்க மேல சத்தியம்."

 அம்மா பாட்டிலைக் கண்ணால் காட்டினாள். "அது?"

"இது போன வருஷம் கலந்தது. இப்பதான் பாட்டில்ல அடைச்சிருக்கு, லேபிள்கூட ஒட்டல. கலக்கும்போது மூணாவது பழத்தை இன்னும் கொஞ்சம் கூடப் போடணும்னு மதி அடம் புடிச்சான். நானே, 'ரொம்பத் துவர்க்கும்டா, யாரும் வாங்க மாட்டாங்க'ன்னேன். 'இப்பத் துவர்க்கும், போகப் போகப் பாருங்கண்ணே'ன்னான். இன்னொரு பெரியவரும் அவன் பக்கம் சேர, முதலாளி அப்படியே போட்டாரு. கருமாதிக்குப் போறேன்னதும் அவரே எடுத்துக் குடுத்தாரு."

 மூணாவது பழம் என்றால் யார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

மாமா இறுக்கத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, "லேபிள் இல்லேன்னா எத்தனை பர்சன்ட்டுன்னு எப்படித் தெரியுறது?" என்றார்.

"நீங்க குடிக்கிறதுல மூணுல ஒரு பங்கு இருக்கும், விடுங்க."

"அதுக்கா பிரான்சுலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?"

அம்மா எழுந்தாள். பாட்டிலைக் கையில் எடுத்தாள். கொல்லைப் பக்கம் நடந்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் காரைக்கால் அண்ணனைப் பார்த்தேன். வாய்க்கால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, வேணாம்மா. கொட்டிராதம்மா."

அவள் அடிபைப்பில் நின்றாள். பாட்டிலைத் தண்ணீரில் காட்டிக் கழுவினாள். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். உள்ளே கொண்டுவந்து மதியின் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள்.

"தொறந்து வைங்கடா. மூடி வச்சா அவன் எப்படிக் குடிப்பான்?"

இப்போது வேறு பிரச்சினை. அந்தப் பாட்டிலுக்குத் திருகு மூடி இல்லை. கழுத்துக்குள் தக்கை இறுக அடித்திருந்தது. அதைத் திருகி எடுக்க ஒரு கம்பி உண்டாம். அண்ணன் அதைக் கொண்டுவரவில்லை. மாமா, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சைக்கிளில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்து வந்தார். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். மூட்டையைக் குத்தி உள்ளேயிருக்கும் நெல்லை எடுத்துப் பார்க்கிற குழல் மாதிரி இரும்பு அது.

"ஏண்டா, நெல்லு ஈரம் பார்க்கறவன் மாதிரி குத்துறியே," என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தக்கை பாதி உடைந்து, மீதி உள்ளே விழுந்துவிட்டது. காரைக்கால் அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளி பார்த்தா அழுதுருவாரு." அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதி இருந்திருந்தால் மாமாவை ஒரு வருடத்துக்கு ஓட்டியிருப்பான்.

தக்கை தூளாக மிதந்தது. அம்மா பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து, அலசிப் பிழிந்து, சொம்பு வாயில் கட்டினாள். புளி கரைத்து வடிகட்டுகிற மாதிரி ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். துணி ஊதாவும் சிவப்புமாக நனைந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை எழுந்தது. அப்பா மேல் அடித்த வாடை இல்லை. மழை பெய்த கொல்லையில் நாவல் பழம் உதிர்ந்து கிடந்தால் ஒரு வாசனை வருமே, அதுபோல. அம்மா குனிந்தவள் நிமிரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"அந்த நாத்தம் இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் இலை போட்டோம். கருவாட்டுக் குழம்பு, முட்டை, பொரி உருண்டை. அண்ணன் சொன்னார் என்று பேக்கரியில் வாங்கிய பன் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் அடியில் மீதி இருப்பதை ரொட்டியால் துடைத்துத் தின்பானாம். இலை ஓரத்தில் ஒரு சில்வர் டம்ளரில் ஒயின். சூடம் காட்டிவிட்டு, அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். அதுதான் வழக்கம். அந்தக் கொஞ்ச நேரம் நான் உண்மையாகவே உள்ளே சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்.

கதவைத் திறந்ததும் அம்மா முதலில் உள்ளே போனாள். இலை முன்னால் உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு, நான் என் கண்ணை நம்பவில்லை, ஒரு வாய் குடித்தாள்.

 அவள் முகம் சுளித்தது, பிறகு அவிழ்ந்தது.

"மொதல்ல இனிக்கிற மாதிரி வருது," என்றாள். இன்னும் கொஞ்சம் குடித்தாள். "அப்புறம் மொளகு. ஆமாடி, மொளகுதான்." நாக்கைச் சப்புக் கொட்டினாள். "கடைசியில நாவப்பழம் தின்னாப்ல நாக்கை இழுக்குதே. போகவே மாட்டேங்குது. இது என்னது?"

 எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அது நீதாம்மா. அவன் சொன்னான். இனிப்பு நானாம், மொளகு அவனாம், நாக்கை இழுக்கறது நீயாம். கடைசியாத்தான் பழுக்குமாம். அது இல்லைன்னா மத்த ரெண்டும் நிக்காதாம். அதைத்தான் கூடப் போடச் சொல்லிருக்கான்."

அம்மா என்னையே பார்த்தாள். "என்னைப் போயா நாக்கை இழுக்குதுன்னான்? படவா." சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே உடைந்தது. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, "எஞ்சாமி, எங்கிட்ட சொல்லிருக்கலாமேடா, நான் என்ன உன்னைக் கொன்னா போட்டுருப்பேன்" என்று அவள் கத்திய கத்தலில் தெருவே ஓடி வந்தது. அத்தனை நாள் தேங்கினது எல்லாம் அன்றைக்கு வந்தது. அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அவள் முதுகில் சாய்ந்து அழுதேன். அழ முடிந்ததே என்று அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அடங்கினாள். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்தவாக்கா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து டம்ளர் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

காரைக்கால் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர் தோள் குலுங்கியது.

மீதியை எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வாய் படையல் சோறு மாதிரியே கொடுத்தோம். மாமா குடித்துவிட்டு, "ஏறவே இல்லையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இன்னும் வாயிலேயே இருக்குதுடி" என்றார். மறுநாள் கருமாதி முடிந்து அடிபைப்புக்குத் தண்ணீர் எடுக்கப் போன அம்மா, யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னாள். "எம்புள்ள ஒயின் கலக்குற வேலை பார்த்தான். நல்லாக் கலந்திருந்தான்." 

அந்த வடிகட்டின துணியை அம்மா துவைக்கவில்லை. கறை இப்போது காய்ந்து மண் நிறமாகிவிட்டது. அவன் நீலச் சட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறாள். எடுத்தால் இன்னும் லேசாக வாசனை வரும். எடுக்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

அவன் வந்து கொடுக்க நினைத்ததை அவன் இல்லாமலேதான் அம்மா குடித்தாள். அது ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒரு பாட்டிலில் போட்டு வைத்துவிட்டு நடுவில் இருந்தவன் மட்டும் போய்விட்டான். மீதி இரண்டு பேரும் இப்போது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இப்போதும் வயலில் கலவன் பிடுங்கக் குனிகிறபோதெல்லாம் என் கை ஒரு நிமிடம் தயங்குகிறது, அடிநாக்கில் அந்தத் துவர்ப்பு வந்து நிற்கிறது.

இதைப் படிக்கிற அண்ணன், அக்கா, அம்மா எல்லோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாகூர் தர்கா பக்கம் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனாலும் சரி, வீட்டில் விளக்கு ஏற்றினாலும் சரி, எங்கள் மதிக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் போன இடத்தில் பசியோடு இருக்கக் கூடாது.